'காலைவாரி'யில் வராத படம்

எங்கள் மரக்காணத்தில் விடிகாலையில் உப்பு வாருவார்கள். நானும் படம் போடும் ஆரோக்கியசெல்வியும் பெரிய மனிதர்களின் காலை வாருகிறோம். அதனால்தான் பத்திரிகைக்குக் 'காலைவாரி' என்று பெயர் வைத்தேன். கான்ட்ராக்டர், கவுன்சிலர், குறி சொல்லும் சாமியார் என்று ஆறு வருஷமாக எந்தக் கொம்பனையும் விட்டதில்லை. போன பங்குனியில்தான் என் காலையே வாரிவிட்டார்கள்.

உப்பள முதலாளி வெங்கடாசலம், வேலை செய்யும் பெண்கள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போட்டார். அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துப் போன அன்றே பிரித்துவிட்டார். விடுவேனா? நான் எழுதினேன், ஆரோக்கியசெல்வி படம் வரைந்தாள். முதலாளி கொட்டகையைக் குடை மாதிரி மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார். தலைப்பு, 'போட்டோ கொட்டா'. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அச்சுக்குப் போவதற்குள் டீக்கடையில் முதலாளியின் மேஸ்திரி தட்சணாமூர்த்தி என்னைப் பார்த்து இளித்தான்.

"இன்னாம்மா மலர்கொடி, போட்டோ கொட்டாவா? போய்ப் பாரு, கொட்டா நிக்குது. இனிமே உன் புக்கு பொய் புக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தை இவனுக்கு எப்படித் தெரிந்தது? முதலில் டைப் அடிக்கும் பிரபாகரனை உலுக்கினேன். "நீங்க எழுதிக் குடுத்த கவரையே இன்னும் பிரிக்கலைக்கா" என்றான். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அப்படியானால் ஆரோக்கியசெல்விதான். கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள்!

"ஏண்டி, வெலை போயிட்டியா?" என்று அவள் வீட்டு வாசலிலேயே கத்தினேன்.

ஆரோக்கியசெல்வி கையிலிருந்த பிரஷைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான்தான் சொன்னேன். எங்கம்மா உப்புப் பாத்தியிலயே மயங்கி வுழுந்துடுச்சுக்கா. உங்க புக்கு மாசக் கடைசியில வரும். வெயிலு அதுவரைக்கும் சும்மா இருக்குமா? மேஸ்திரிகிட்ட படத்தைக் காட்டி, இது வரப்போவுதுன்னேன். மறுநாளே கொட்டா போட்டுட்டாங்க."

நான் நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். கொட்டகை நின்றது. அவளுடைய அம்மா சாலம்மாள் அதன் கீழே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அது போல ஒரு கிண்டல் எனக்கு இன்னொரு தடவை வாய்க்குமா?

திரும்பி வந்து, "ஒழிஞ்சு போவட்டும். இந்த மாசம் அதைப் போட வாணாம். கிழிச்சுப் போடு" என்றேன்.

அவள் பதறிப்போய்ப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கிழிக்கச் சொல்லாதீங்கக்கா! இது இல்லன்னு தெரிஞ்சா அன்னிக்கே கொட்டாவைப் பிரிச்சிடுவாங்க."