நின்று கேட்ட கச்சேரி

"உக்காருங்க தம்பி, உங்களுக்குன்னுதான் போட்டு வச்சிருக்கு" என்று பியூன் உத்திராபதி மூன்றாம் தடவையாகச் சொல்லியும் தங்கராசு உட்காரவில்லை. முன்வரிசையில் இரண்டு மர நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றின் முதுகில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. 'அ. ஆண்டாயியின் அப்பா' என்று நீல மையில் எழுதியிருந்த அது அவன் தங்கையின் கையெழுத்து. அந்த அப்பா விடியக்காலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போய்விட்டார் என்பது, அரியலூரில் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியிருந்த முந்நூறு பேரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சாவுச் சேதி கொண்டுபோகிறவன் போன இடத்தில் உட்காரக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. நின்றபடி சொல்லிவிட்டு, நின்றபடியே திரும்பிவிட வேண்டும். அவர்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தங்கராசு உத்திராபதியிடம் எதையும் விளக்காமல் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

"அதான் வாசல்லயே சொன்னேனுங்களே, ஆண்டாயி என் தங்கச்சின்னு. கொஞ்சம் வெளிய கூப்பிடணும். வூட்ல அப்பாவுக்கு முடியல."

"அடடா. மேடையில உக்காந்துட்டாங்களே தம்பி. இப்ப எந்திரிச்சா எல்லாரும்ல எந்திரிக்கணும். ஒரு பாட்டு முடியட்டும், நானே போய்ச் சொல்றேன்."

'முடியல' என்பது பெரியப்பா மதுரைவீரன் சொல்லிக்கொடுத்து அனுப்பிய சொல். "செத்துட்டார்னு சொல்லிப்புடாதடா. பொட்டப்புள்ள, பஸ்ஸுல கதறிக்கிட்டு வரும். முடியலன்னு மட்டும் சொல்லிக் கூட்டியா. இன்னிக்குச் செவ்வாக்கெழம, மூணு மணிக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள எடுத்தாவணும். யாருக்காகவும் காத்திருக்க முடியாது." கொள்ளி வைக்க மூத்தவன் செல்லப்பன் இருந்தான். அதனால்தான் இளையவனை அனுப்ப முடிந்தது. பெரம்பலூரில் பஸ் மாறி, அரியலூர் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து மண்டபத்தைக் கண்டுபிடித்தபோது மணி பத்தே முக்கால். திரும்பிப் போக பதினொன்றே காலுக்கு ஒரு பஸ் இருந்தது. அதை விட்டால் அடுத்தது ஒரு மணிக்கு மேல்தான். அதில் போனால் அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே முடியாது.

மேடைக்கு மேலே துணியில் 'பல்கலைக்கழக இசைக் கல்லூரி மாணவர் வாத்தியக் குழு' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். பதினெட்டுப் பேர் இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வயலின், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம், கடம், இன்னும் அவனுக்குப் பேர் தெரியாத ஒன்றிரண்டு. நடுவில் அவர்களுடைய சார் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆண்டாயி முதல் வரிசையில் இரண்டாவதாக, அரக்கு நிறப் புடவையில், வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி, தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்திருந்ததால் அவனைக் கவனிக்கவில்லை.

சார் தொடையில் மெல்லத் தட்டினார். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

தங்கராசு எட்டு வருஷமாக ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவன். கம்ப்ரசரும் வெடியும் பழகிய காது. பாட்டு என்றால் டீக்கடை ரேடியோவில் வருவது என்றுதான் நினைத்திருந்தான். இது காதில் மட்டும் கேட்கிற சங்கதியாக இல்லை. உள்ளங்கால் வழியே ஏறியது. ஆறு வில்லும் சேர்ந்து ஒரு பக்கம் போயின, சேர்ந்து திரும்பின, ஒன்றுகூட முந்தவில்லை. யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று அவனும் தேடிப் பார்த்தான். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அவன் உடம்பு சிலிர்த்தது. செத்த வீட்டிலிருந்து வந்த ஒருவனுக்கு இப்படிச் சிலிர்க்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

முதல் பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். உத்திராபதி திரும்பி அவனைப் பார்த்து, போகட்டுமா என்று கண்ணால் கேட்டார். போங்க என்று தலையை ஆட்ட வேண்டியதுதான். தங்கராசு ஆட்டவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று என்று நினைத்தான். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து ஆகி, பத்து ஆகி, பதினொன்றே காலும் ஆனது. பஸ் ஸ்டாண்டில் அந்த பஸ் கிளம்பிப் போவது அவனுக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. அவன் தன்னையே திட்டிக்கொண்டு, அதே இடத்தில் நின்றான்.

இந்தக் கச்சேரிக்காக அப்பா அய்யம்பெருமாள் போட்ட கூத்து கொஞ்சமில்லை. சிதம்பரத்தில் இசைக் கல்லூரியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் மகள் வாசித்து ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. குழு அரியலூருக்கே வருகிறது, உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி என்று கார்டு வந்ததிலிருந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். "நடுவுல வெத்தல போடலாமா வாத்தியாரே? எப்பக் கை தட்டணும்? மொதல்ல நானே தட்டிப்புட்டா தப்பாயிருமா?" நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, வாசலில் போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். அம்மா கொளஞ்சியம்மாள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கச்சேரி கேக்கப் போற மனுசனா இல்ல பல்லு புடுங்கப் போற மனுசனா" என்று கேட்டாள்.

அவருக்கு அது சிரிப்பு இல்லை. சுரங்க வேலைக்கு வருவதற்கு முன்னால், ஊர்த்தெருவில் யார் செத்தாலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு நடந்து போய்ச் சேதி சொன்னவர் அவர்தான். எந்த வீட்டிலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வயதில் ஒருநாள், இனி யார் சாவையும் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரெட்டிபாளையத்துக்குப் போனவர் திரும்பி அந்த வேலைக்கு வரவே இல்லை.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் சார் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அடுத்ததா இந்த மாவட்டத்துப் பொண்ணு, எங்க மூணாம் வருஷ மாணவி, செல்வி அ. ஆண்டாயி கொஞ்ச நேரம் தனியா ராகம் வாசிப்பாங்க. அப்புறம் குழுவா சேர்ந்துக்குவோம். அவங்க அப்பா இங்க வந்திருக்கிறதா சொன்னாங்க. அவருக்கு எங்க வணக்கம்."

கூட்டம் கை தட்டியது. ஆண்டாயி சிரித்தபடி தலையை நிமிர்த்தி முன்வரிசையைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் சுவரோரம் வெறுங்காலோடு நின்ற அண்ணனைப் பார்த்தாள். தங்கராசு சிரிக்க முயன்றான். உத்திராபதி பாவம், அந்த நேரம் பார்த்து மறுபடியும் அவன் கையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் இழுத்தார். தங்கராசு அசையவில்லை. ஆண்டாயியின் சிரிப்பு அணைந்தது. அவள் குனிந்து இடது உள்ளங்கையைப் புடவையில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள், வில்லை எடுத்தாள்.

அவள் வாசித்த ராகத்தின் பேர் தங்கராசுக்கு இன்றுவரை தெரியாது. முதலில் ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தாள். அது முடியுமா முடியாதா என்று தெரியாமல் மண்டபம் காத்திருந்தது. அப்புறம் அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்தாள். அவசரமே இல்லை. வீட்டில் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டும்போதுகூடப் படபடவென்று பேசுகிறவள், ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாதவள், இவ்வளவு பொறுமையை எங்கே வைத்திருந்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. கீழ்த்தந்தியில் ஒரு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்தாள். பின்வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்போது வாயை மூடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தங்கராசுக்குத் தன் தங்கையைப் பார்த்துப் பயமாக இருந்தது. கோயிலில் சாமி வந்தவர்களைப் பார்த்தால் வருகிற பயம் அது. கன்னத்தில் ஈரம் வழிந்ததைத் துடைக்காமல் விட்டான். நீங்க கேட்டிருக்கணும்ப்பா, நீங்கல்ல கேட்டிருக்கணும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

கடைசியாக ஒரு ஸ்வரத்தில் வந்து அவள் நின்றாள். அது ஓய்வதற்குள் மற்ற பதினேழு பேரும் அதிலேயே வந்து சேர்ந்தார்கள். மண்டபத்தில் ஒருவருக்கும் உடனே கை தட்டத் தோன்றவில்லை.

எல்லாம் முடிய பன்னிரண்டரை ஆகிவிட்டது. தங்கராசு மேடைக்குப் பின்னால் ஓடினான். ஆண்டாயி வில்லின் முறுக்கைத் தளர்த்தி, வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டாயி, அப்பாவுக்கு முடியல. கெளம்பு."

"எத்தன மணிக்குண்ணே?"

"என்ன எத்தன மணிக்கு?"

"எத்தன மணிக்குப் போச்சு?"

தங்கராசு குனிந்து அவள் செருப்பைத் தேடினான்.

"நீ உக்காரலியே" என்றாள் ஆண்டாயி. "அந்த ஆளு அப்படி இழுக்குறாரு, நீ உக்காரலியே. அப்பவே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா வாசிச்ச?"

"நான் நிறுத்துனா எல்லாரும் நிறுத்தணும்ண்ணே." பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டாள். "அழுதா கை ஈரமாயிரும். ஈரமாயிட்டா தந்தி வழுக்கும்."

சார் விஷயத்தைக் கேட்டதும் டிரைவரைக் கூப்பிட்டார். பிறகு, "பஸ்ஸெல்லாம் வேண்டாம். நம்ம வேன்லயே போயிடலாம். எல்லாரும் ஏறுங்க" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டு வைத்திருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் ஊரைத் தாண்டுவதற்குள் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. கூட்ஸ் ஒன்று வந்து, பெட்டி பெட்டியாக நகர்ந்து, பாதியில் நின்றுவிட்டது. இருபத்தைந்து நிமிஷம். தங்கராசு கீழே இறங்கிக் கேட்டுக்கும் வேனுக்குமாக நடந்தான். பதினொன்றே கால் பஸ்ஸைப் பிடித்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாள். அவள் முகம் பார்க்காமல் போனால் அந்தப் பாவம் முழுக்கத் தன்னுடையது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வந்து, ஜன்னலோரம் இருந்த தங்கையிடம் சொல்லியும்விட்டான்.

"நான் அப்பவே கூப்பிட்டிருக்கணும் புள்ள. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

ஆண்டாயி அவனைத் திட்டவில்லை. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். கேட் திறந்தது.

பெரம்பலூரைத் தாண்டி, சிறுவாச்சூரில் பிரிந்து, மண்பாதையில் வேன் இறங்கியபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. பறைச் சத்தம் கேட்டது. அது ஓரிடத்தில் நின்று ஒலிக்கிற சத்தமாக இல்லை, நகர்ந்து வருகிற சத்தமாக இருந்தது. தெருமுனையில் வேன் திரும்பியதும் எதிரே பாடை வந்துகொண்டிருந்தது. முன்னால் செல்லப்பன் தீச்சட்டியோடு வந்தான்.

ஒரு வண்டி போகிற அகலம்தான் பாதை. ஒரு பக்கம் வேலிக்கருவை, இன்னொரு பக்கம் வாய்க்கால். டிரைவர் வேனை வேலியோரமாக ஒடித்து நிறுத்தினார். பறை அடிப்பவர்கள் வேனிலிருந்த பட்டுப் புடவைகளையும் வெள்ளை வேட்டிகளையும் பார்த்துக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"எறக்கக் கூடாதுடா!" என்று பெரியப்பா மதுரைவீரன் முன்னால் ஓடி வந்தார். தூக்கிய பாடையைச் சுடுகாடு சேரும் முன் தரையில் வைக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. "தாயி, நீ கும்புட்டுக்கம்மா. அப்படியே நின்னு கும்புட்டுக்க. என்னால இனி எறக்க முடியாது."

ஆண்டாயி கதவைத் திறந்து வேனின் படியில் நின்றாள். கீழே இறங்கவில்லை.

"எறக்க வேணாம் பெரியப்பா. கொஞ்சம் கிட்ட மட்டும் வாங்க."

தோள் கொடுத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடி அடியாக நகர்ந்து, வாய்க்கால் ஓரத்தில் கால் வைத்து, வேனை ஒட்டி வந்தார்கள். படியில் நின்றவளின் இடுப்பு உயரத்துக்குப் பாடை வந்தது. கச்சேரிக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையிலேயே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வேனுக்குள் யாரோ எழுந்தார்கள். அடுத்தவரும் எழுந்தார். சத்தமில்லாமல் எல்லோரும் எழுந்து, தலை இடிக்காமல் குனிந்து, அப்படியே நின்றார்கள். சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஆண்டாயி ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அப்பாவின் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. மூடியிருந்த இடது இமைமேல் மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. அதை இரண்டு விரலால், இமை அசையாமல், மெதுவாக எடுத்தாள்.

"ம், போங்க" என்றாள்.