ஐம்பதுக்கு ஒன்று

என் வீட்டுக்காரர் செத்துப்போய் நாலு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. 'அழுத்தக்காரி' என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொல்லிவிட்டுப் போகட்டும். மனசு மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். சோறு வடித்தேன், துணி துவைத்தேன், படுத்தால் தூங்கினேன்.

அவர் விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுகிறவர். தோளில் மாட்டிக்கொள்கிற மெஷின். நுனியில் நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். சாயங்காலம் அவர் வாசலில் கால் வைக்கும்போதே புகை நாறும். "குளிச்சிட்டு உள்ள வாங்க!" என்று அடுப்படியிலிருந்தே கத்துவேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இந்த வீட்டில் அதுதான் வரவேற்பு.

கோடையில் புல் காய்ந்து கிடந்தது, யாரும் எங்களைத் தேடவில்லை. மழை பெய்ததும் நானே போய் மேனேஜரைப் பார்த்து, அந்த வேலையைக் கொழுந்தனுக்குக் கேட்டேன். "திங்கக்கிழமை வெட்டிக் காட்டட்டும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். அதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. கொழுந்தனோ சோம்பேறி. அரை டிராயர் காலத்திலிருந்து என் கையால் சாப்பிடுகிறவன், அதனால் எனக்கு எப்போதும் வாடா, போடாதான்.

சனிக்கிழமை மெஷினை வெளியே எடுத்தான். மூலையில் அவர் ஆயில் கலந்து வைத்த பெட்ரோல் கேன் பாதி இருந்தது. அதை ஊற்றிக் கயிற்றை இழுத்தான். மெஷின் ரெண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது.

"ஸ்கூட்டருக்கு வாங்கின இன்ஜின் ஆயில் கொஞ்சம் இருக்கு, அதையும் ஊத்திப் பாக்கட்டுமா அண்ணி?"

"உன் மூளையை ஊத்துடா, அதான் புதுசா இருக்கு!"

மெஷினையும் கேனையும் மெக்கானிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மெக்கானிக் கேனைத் திறந்து முகர்ந்தார்.

"எப்ப கலந்ததும்மா?"

"அவர் இருந்தப்போ."

மெக்கானிக் கேனைக் கீழே வைத்தார். "கலந்த பெட்ரோல் ஒரு மாசம் தாங்கினா பெரிசும்மா. இது கெட்டுப்போச்சு. சாமான் கழுவத்தான் ஆகும்."

கழுவட்டும் என்றேன். மெக்கானிக் அதைத் தட்டில் ஊற்றிக் கார்புரேட்டரைக் கழுவினார். என் வீட்டுக்காரர் கைபட்ட கடைசிப் பொருள் கறுப்பாகிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இன்ஜின் ஆயிலை மட்டும் ஊத்திடாதீங்க. டூ ஸ்ட்ரோக் ஆயில்னு கேட்டு வாங்குங்க. உங்க மெஷினுக்கு பெட்ரோல் ஐம்பதுக்கு ஆயில் ஒண்ணு. ஆயில் கூடினா புகையும், குறைஞ்சா பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கும்."

"அவர் கண்ணளவாத்தான் ஊத்துவார்."

"அவர் கை வேறம்மா. நீங்க அளந்து ஊத்துங்க."

புதுப் பெட்ரோலும் அந்த ஆயிலும் வாங்கி வீட்டுக்கு வந்து, அளப்பதற்கு இருமல் மருந்து மூடியைக் கழுவித் துடைத்தேன். லிட்டருக்கு இருபது மில்லி. பாதி பெட்ரோலில் ஆயிலை விட்டுக் குலுக்கி, மீதியையும் விட்டு மறுபடி குலுக்கினேன். தண்ணீர் மாதிரி இருந்த பெட்ரோல் இளம்பச்சையானது. கொழுந்தன் கேனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். நான் அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

நாலாவது இழுப்பில் மெஷின் ஓட ஆரம்பித்தது. நிற்கவில்லை. சத்தம் வேலியோரமாகவே போய் வந்தது. அப்பாடா, திங்கட்கிழமை பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் புகையும் அறுபட்ட புல்லின் வாசனையும் உள்ளே வந்தன. பிறகு மெஷின் நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"குளிச்சிட்டு உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

எட்டிப் பார்த்தேன். உடம்பெல்லாம் புல் ஒட்டியிருக்க, கொழுந்தன் ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றிருந்தான். அவனை நான் ஒருநாளும் 'வாங்க' என்று சொன்னதில்லை.

"சரி அண்ணி" என்றான். வைத்த காலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.