நெருள் விலாசம்

இரண்டு வருடமாக முத்துமாரிக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. தாராவியில் அவர்கள் சந்துக்கு ஒரே பொதுக் கழிப்பறை. வரிசையில் நின்ற பெண்கள் முதலில் வழிவிட்டார்கள். பிறகு, "ஏளா, ஒனக்கு மட்டுந்தான் வயிறா? எங்களுக்கெல்லாம் பானையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஊசி போட்டால் நின்றுவிடும் என்றார் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் சாய்நாத். விலை கூடிய அந்த ஊசியை ஓர் அறக்கட்டளை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டிருந்தது. டாக்டர் பேசியது இந்தி. கோவில்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருடமான முத்துமாரிக்கு அது பாதிகூடப் புரியாது. லெதர் பை தைக்கும் அவள் கணவன் மாரீஸ்வரன் எடுத்துச் சொன்னான்.

"ஒடம்புக்குள்ள காவக்காரன் ஒருத்தன் இருப்பாம்லா, கிருமி வந்தா அடிக்கதுக்கு. ஒனக்கு அவன் கிறுக்குப் பிடிச்சு ஒங்கொடலையே போட்டு அடிக்கான். ஊசி போட்டா தூங்கிருவானாம்."

"அவன் தூங்கிட்டா கிருமிய யாரு அடிப்பா?"

"அத டாக்டரு பாத்துக்கிடுவாரு."

டாக்டர் மேலும் பேசினார். பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்திருக்கிறது, ஆனால் அவள் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை அதை மறைத்துவிடக்கூடும், உள்ளே டிபி பதுங்கியிருந்தால் இந்த ஊசி அதைக் கிளப்பிவிடும், அதனால்தான் கேட்கிறேன் என்றார். மாரீஸ்வரன் அதை எடுத்துச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது டிபி வந்திருந்ததா என்ற கடைசிக் கேள்வி மட்டும் அவளுக்கே புரிந்தது.

"கர் மே கிசீ கோ டிபி ஹுவா தா?"

வீட்டில் டிபி இருந்தது. மாமனார் பிச்சையாவுக்கு. இரண்டரை வருடத்துக்கு முன்பு, பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில் மூன்று மாதம் இருமியவரை நெருளில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த விலாசத்திலேயே மாத்திரை வாங்கி, குணமானதும் கூட்டிவந்தார்கள். வாட்ச்மேன் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சந்தில் சொல்லிவைத்தார்கள். இளைய மகள் கீதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம்.

"மாமாவுக்கு இருந்துச்சுல்லா," என்றாள் முத்துமாரி மெதுவாக.

மாரீஸ்வரன் திரும்பவில்லை. "கீதாவ நெனச்சுக்கோ," என்றான் தமிழில். பிறகு டாக்டரிடம் யாருக்கும் இல்லையென்றான்: "நஹி சாப். கிசீ கோ நஹி."

அவள் தலையை ஆட்டி மறுத்திருக்கலாம். ஆமாம் என்றால் ஊசி இல்லை என்றாகிவிடுமோ, வேறு யாருக்காவது போய்விடுமோ என்று பயந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே ஊசி போட்டார்கள்.

மூன்றாவது ஊசியில் ரத்தம் நின்றது. குர்லாவில் ரயில் ஏறி நெருள் வரை போய்வந்தாள். எந்த ஸ்டேஷனிலும் கழிப்பறையைத் தேடவில்லை. ஐந்தாவது மாதம் சாயங்காலக் காய்ச்சல் தொடங்கியது. ஸ்கேனில் நுரையீரல், ஈரல், வயிறு எங்கும் டிபி பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ஊசியை நிறுத்தினார்கள். சில வாரங்களில் ரத்தமும் திரும்பியது.

சாய்நாத் பழைய கேள்வியை மறுபடி கேட்டார். மாரீஸ்வரன் வாயைத் திறப்பதற்குள், "ஹா சாப். சசுர் கோ தா," என்று மாமனாரைச் சொல்லிவிட்டாள் முத்துமாரி.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். அவர் கோபமாகப் பேசியதில் இரண்டு வார்த்தை அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது: ஏக் மஹினா. முதலில் தடுப்பு மாத்திரை, ஒரு மாதம் பொறுத்து அதே ஊசி. அவ்வளவுதான் வித்தியாசமாக இருந்திருக்கும்.

வராந்தாவில் மாமியார் பேராச்சி காத்திருந்தாள். "இப்பப் போயி வாயத் தொறந்திருக்கியேட்டி! அடுத்த மாசம் கல்யாணத்த வச்சுக்கிட்டு!"

டிபி கவுன்டரில் விலாசம் கேட்டார்கள். சுகாதார ஊழியர் அந்த வீட்டுக்கு வந்து எல்லோரையும் பரிசோதிப்பார் என்றார்கள். மாரீஸ்வரன் ஃபாரத்தில் நெருள் என்று எழுத ஆரம்பித்தான்.

"நம்ம வீட்டுச் சீக்கெல்லாம் நெருள்லதான் குடியிருக்கும்போல," என்றாள் முத்துமாரி.

"சும்மா கெட."

தாராவி என்று கவுன்டரில் தானே சொல்லிவிட எழுந்தாள். அதற்குள் வயிறு முறுக்கியது. அரை நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஓடினாள். அங்கேயும் அவளுக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள்.

நனைந்த சேலையோடு திரும்பி வந்தபோது கவுன்டர் மூடியிருந்தது. மாரீஸ்வரன் மாத்திரை வாங்குவதற்கான அட்டையை நீட்டினான். அவள் பெயருக்குக் கீழே நெருள் விலாசம் நீல மையில் எழுதியிருந்தது.