மூன்று வாய்ச் செய்தி

எங்கள் பேப்பர் தொடங்கியபோது அதற்கு ஆசிரியர் குழு, நிருபர் குழு, விளம்பரப் பிரிவு எல்லாமே இருந்தன. எல்லாவற்றிலும் ஆள் என்னவோ இரண்டே பேர்தான்: நானும் என் வீட்டுக்காரரும். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மழை வந்தால் கம்ப்யூட்டரை முதலில் நகர்த்துவோம், அப்புறம்தான் நாங்கள் நகருவோம். வெளியூர்ப் பெரிய பேப்பர்களுக்கு எங்கள் ஊர் உள்பக்கத்தில் ஒரு வரி. அதுவும் யாராவது லாரியில் அடிபட்டால்தான். ஊரோ வீங்கிக்கொண்டே போனது. மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பு வந்தது. எதிர் வீட்டில் இருப்பது யார் என்றே தெரியாத ஜனங்கள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், எந்த பஸ் எந்த வழியாகப் போகும், யார் காலமானார், எந்த வீடு வாடகைக்குக் காலி என்று எங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

செய்தி விஷயத்தில் என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்று வாய் சொன்னால்தான் அச்சு. ஒருத்தர் சொன்னால் வதந்தி, இரண்டு பேர் சொன்னால் சண்டை, மூன்று பேர் சொன்னால் செய்தி என்பார். மூன்று பேரும் வேறு வேறு தெருவாக இருக்க வேண்டும், ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக் கூடாது. சந்தா கேட்டுப் போகும் வீட்டிலெல்லாம் இதைச் சொல்லி, "எங்க பேப்பர்ல வந்தா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்மா" என்று முடிப்பார். பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடமும் இதே தோரணையில்தான் பேசினார். அப்பா நம்பிவிட்டார்.

அப்போதுதான் பெரிய பேப்பர் ஒன்று எங்கள் ஊருக்கென்றே கலர் பதிப்பு தொடங்கப்போவதாகச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்காரர்கள் விளம்பரம் கேட்டால், "கலர் வரட்டும், பாக்கலாம்" என்று இழுத்தார்கள். அவர்கள் வருவதற்குள் ஊரே பேசும்படி ஒரு செய்தி போடாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த வாரம் புதுக் குடியிருப்பில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். மேல்நிலைத் தொட்டியின் பம்ப் ஆபரேட்டர் குளோரின் போடாமல் தூங்கிவிட்டார் என்று மூன்று வாய் சொன்னது: மருந்துக்கடைக்காரர், ஒரு டீச்சர், அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர். மூன்று தெரு. சொந்தமில்லை. முதல் பக்கம் முழு அகலத்துக்குத் தலைப்பு: "தூங்கிய ஆபரேட்டர், துடிக்கும் குழந்தைகள்." கீழே அவருடைய படம்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பேப்பர் மிச்சமில்லை. ஏஜெண்டுகள் இன்னொரு கட்டு கேட்டுப் போன் மேல் போன். "பாத்தியா? கலராவது மண்ணாவது!" என்று இவர் தலைகால் புரியாமல் ஆடினார். நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் ஆபரேட்டரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அதையும் மறுநாள் போட்டோம். அதுவும் விற்றது.

பிறகு ஒரு நாள் ஆபரேட்டரின் மனைவி படியேறி வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். அவள் குரலே உயர்த்தவில்லை.

"பொண்ணு பக்கத்துல கிளாஸ்ல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க சார். விஷம் வச்சவன் பொண்ணுன்னு சொல்றாங்களாம்."

இவர் தன் சட்டத்தை எடுத்து விளக்கினார். மூன்று பேர் சொன்னார்கள், மூன்று பேருமே மரியாதைப்பட்டவர்கள் என்றார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அந்த மூணு பேர்ல என் வீட்டுக்காரர் உண்டா சார்?"

இவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கே தண்ணீர்ச் சோதனை முடிவும் வந்தது. தொட்டித் தண்ணீர் சுத்தம். குளோரின் சரியாக இருந்திருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் சாக்கடைக் குழாயை உடைத்து, சாக்கடைத் தண்ணீர் பக்கத்துக் குடிநீர்க் குழாயில் கலந்திருக்கிறது. அப்படியானால் மூன்று வாயும் எதைப் பார்த்துச் சொன்னது? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செயலாளர், "டீச்சர் சொன்னாங்கம்மா, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். டீச்சர், "மருந்துக்கடையில பேசிக்கிட்டாங்க, கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன அண்ணி, என்னையா கேக்கறீங்க? அண்ணன்தானே போன் பண்ணி, 'ஆபரேட்டர் குளோரின் போடாம தூங்கிட்டாராமே, உண்மையா?'ன்னு கேட்டாரு. பேப்பர்காரரே கேக்கறாருன்னா இல்லாமலா இருக்கும்? ஆமாம்னேன். வந்தவங்ககிட்டயும் சொன்னேன்."

திரும்பி வரும்போது அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளை இல்லை, இன்னொருத்தன் குடும்பம்.

"ஏங்க, உங்க மூணு வாயும் ஒரே வாய்தான். உங்க வாய்" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"சந்தேகத்துலதான்டி கேட்டேன்."

"சந்தேகத்த அவர்கிட்டயே போய்க் கேட்டிருக்கலாமே."

"அவரு ஒத்துக்குவாரான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் பக்கத்தில் சின்னதாகத் திருத்தம் போடலாம் என்றார். அடுத்த வாரம் கலர் வருகிறது, இப்போது போய் முதல் பக்கத்தில் நாமே நம் மூக்கை உடைத்துக்கொண்டால் பேப்பர் போச்சு என்றார். அவர் சொன்னது நிஜம்தான். எனக்கும் பயம்தான். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"பேப்பர் போனா வேற வேலை பாக்கலாம். அந்தப் பொண்ணுக்கு வேற அப்பா கிடைக்குமா? ஆறாம் பக்கத்துல போட்டீங்கன்னா நாளைலேர்ந்து உங்க பக்கத்துல நானும் உக்கார மாட்டேன்."

முதல் பக்கத்தை அவரே டைப் செய்தார். அதே அகலம், அதே அளவு எழுத்து: "ஆபரேட்டர் மீது தவறில்லை. நாங்கள் எழுதியது பொய்." யார் யாரிடம் கேட்டு எப்படிப் பரவியது என்பதை மறைக்காமல் எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். அன்றைக்குப் பேப்பர் பாதி விற்காமல் திரும்பி வந்தது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆபரேட்டர் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலிலேயே நின்று படித்தார். முழுதும் படித்தார். மடித்து இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"சரி சார். வேலை திரும்பக் கிடைச்சிரும். ஆனா அன்னிக்குப் பேப்பரே படிக்காதவனுக்கும் சேதி போச்சு. இது யாருக்குப் போகும்? வெறும் வாய மென்னவங்களுக்கு அவல் நீங்க குடுத்தது. ஒருத்தராவது என் வாசல்ல வந்து, 'ஏம்ப்பா, நீ குளோரின் போட்டியா இல்லையா?'ன்னு கேக்கலியே சார். பூராத் தெருவும் என் தண்ணியத்தானே குடிக்குது."

கதவைச் சாத்திக்கொண்டார். இவர் அந்த இடத்திலேயே நின்றார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். காதில் விழவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். கதவு திறந்ததும் பேப்பரை விரித்துத் தலைப்பிலிருந்து படித்துக் காட்ட ஆரம்பித்தார். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. சிலர் விற்பனைக்கு வந்தவர் என்று நினைத்து வேண்டாம் என்றார்கள். ஒருத்தர் டிவியைப் பார்த்தபடியே கேட்டார். இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எத்தனை கோபம் இருந்தாலும் அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஒரு வீட்டில் ஓர் அம்மா ஈரக் கையோடு வந்து நின்று கடைசி வரி வரைக்கும் கேட்டார். அவருடைய பேரனும் ஆஸ்பத்திரியில் கிடந்தவன்தானாம்.

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க" என்றார் அந்த அம்மா. "இத மட்டும் எப்படிங்க நம்பறது?"

இவர் பேப்பரை மடித்து இடுக்கிக்கொண்டார்.

"நம்ப வேண்டாம்மா," என்றார். "அவர் வீடு இதே தெருவுலதான் இருக்கு. வாங்க, நீங்களே அவர்கிட்ட கேளுங்க."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.