காஜா மொய்தீன் கடையில் முதல் போணி

எங்க வூட்டுக்காரர் காஜா மொய்தீனுக்கு நல்ல மனசு. பிடிவாதம் அதைவிட ஜாஸ்தி. முப்பது வருஷமா குடும்பம் நடத்துற நஜீமா நான் சொல்றேன், நம்புங்க.

ரெண்டாயிரத்து மூணுல உத்திரமேரூர் பஜார் தெருவுல பாதிக் கடை மூடிக் கெடந்துது. துணி எடுக்கணும்னா சனங்க பஸ் ஏறி காஞ்சிபுரம் போயிடறாங்க. எங்க ஜவுளிக்கடை ரயில் பொட்டியாட்டம் நீளம். உள்ள ஈ ஓட்டிக்கினு இவரு. சிமெண்ட் மூட்டை அடுக்க குடோன் வேணும்னு ஒருத்தர் கேட்டு வந்தாரு. பொங்கலுக்குள்ள முடிவு சொல்றேன்னாரு இவரு. என் மாமனார் கட்டின கடை, அதுல சிமெண்ட் மூட்டையா?

ஆளுக்கொரு மூலைய வாடகைக்கு வுட்டு, நாலு பேரா சேந்து கடைய நடத்தலாம்னு நான்தான் சொன்னேன். ரெண்டு நாள் முறுக்கிக்கினு திரிஞ்சாரு. மூணாம் நாள் சரின்னாரு. வாட்ச் ரிப்பேர் பண்ற பாண்டுரங்கன் ஒரு மூலையில மேஜை போட்டாரு. தையல் மிஷினோட அம்முலு வந்தா. வாசப்படி ஓரமா காவாந்தண்டலத்துப் பவளம், சொந்த நிலத்துக் கத்திரிக்காயும் கீரையும் கொண்டாந்து பரப்பினா. தெருவே திரும்பிப் பாத்துது.

அங்கதான் வந்துது பேஜார். காலையில இவரு கையால மொத வியாபாரம், அதான் போணி, ஆவாம கடையிலேர்ந்து எதுவும் வெளிய போவக் கூடாதாம். போனா அல்லா குடுக்கற பரக்கத்தும் கூடவே போயிடுமாம். அவங்க அத்தா காலத்து வழக்கம். பவளம்கிட்ட காய் வாங்க ஆறு மணிக்கே பொம்பளைங்க பையோட வந்து நிக்கறாங்க. ஆறு மணிக்கு யாரு வேட்டி எடுப்பாங்க? பதினோரு மணிக்கு ஒரு கர்ச்சீப் விக்கும். அதுக்குள்ள கீரை வாடிடும், வந்தவங்க போயிடுவாங்க. நானே ஒரு துண்டு வாங்கிக்கறேன், அதைப் போணியா வச்சுக்கங்கன்னேன். வூட்டுக் காசு போணி ஆவாதுன்னாரு. இந்த மனுசனை இன்னா பண்றது, சொல்லுங்க.

பவளம் நாலு நாள் பொறுத்தா. ஒரு வார்த்தை கடுசா பேசல. அஞ்சாம் நாள் வரல.

அன்னிக்கு நான் நாஷ்டா எடுத்துக்கினு போனப்ப இவரு வாசலையே பாத்துக்கினு உக்காந்து கீறாரு. காய்க்காரம்மா வரலியான்னு கேட்டுட்டு ஒவ்வொருத்தரா திரும்பிப் போனாங்க. துணிப் பக்கம் ஒரு கண்ணும் திரும்பல. அம்முலு மிஷினும் ஓடல. நான் வாயத் தொறக்கல. தொறந்தா வீம்புக்குன்னே மாற மாட்டாரு. சாயங்காலம் வண்டிய எடுத்துக்கினு காவாந்தண்டலம் ரோட்டுல போனாரு.

மறுநாள் காலையில பவளம் கூடையோட வந்து எறங்கினா. பொங்கல் நெருங்கிடுச்சேன்னு குடோன்காரரும் முடிவு கேக்க வந்து நின்னாரு. இவரு ஷட்டரைத் தூக்கினாரு. அவரைச் செத்த நேரம் இருங்கன்னுட்டு, பவளத்துக்கு எதிர்ல குத்துக்கால் போட்டு உக்காந்தாரு.

"அரைக் கிலோ கத்திரிக்காய் போடும்மா. இன்னிக்குப் போணி உன்னுது."

பவளம் தராசை எடுக்கல. "வேணாம் பாய். வழக்கத்தை என்னால மாத்தாதீங்க."

"நான்தானே மாத்தறேன். போடு."

அவ காசைக் கண்ணுல ஒத்திக்கினா. பின்னால நின்ன பொம்பளைங்க பையை நீட்டினாங்க. நான் பாண்டுரங்கன் மேஜையப் புடிச்சுக்கினு வெக்கமில்லாம அழுதுட்டேன்.

குடோன்காரர் தொண்டையக் கனைச்சாரு. இவரு கத்திரிக்காயை என் கையில குடுத்துட்டு, அவரைப் பாத்து நிதானமா சொன்னாரு.

"மன்னிச்சுக்கங்க. கடையில இடம் இல்ல."