ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து அழகாகத் தொடங்க நான்கு முறை முயன்றேன். 'அவள் கத்தியை எடுத்தபோது வெளியே மழை...' (மழை இல்லை. அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

நான் ஊரைவிட்டு வெகுதூரம் வந்து, ஒரு பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவன். எழுத யாரும் சொல்லித்தரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு ஒரு புதுச் சிகிச்சை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்துடிப்புகளைப் பாய்ச்சி, கெட்ட தசையை மட்டும் சாகடிப்பார்கள். சூடு வராது, பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாய்க்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நிஜமா என்று முதலில் பன்றிகளில் பார்க்கிறார்கள். நான்கு வாரம் கழித்து அந்த உணவுக்குழாயை வெட்டிப் பார்ப்பது அக்காவின் வேலை. (சொந்த அக்கா இல்லை. இங்கே என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள்.)

ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு, அதுதான் விதி. ஆறாவது பன்றி. ஏழாம் வெட்டுக்கும் எட்டாம் வெட்டுக்கும் நடுவில் அவள் விரலில் ஏதோ நெருடியது. கைகள் நடுங்க அவள்... இல்லை, நடுங்கவில்லை. அங்கேயும் வெட்டினாள்.

"தம்பி, இங்க வா. இது உனக்குத் தெரியுதா, இல்ல எனக்குத்தான் கண்ணு போச்சா?"

பருப்பளவு வெள்ளைத் தழும்பு.

"தெரியுதுக்கா. என்னது?"

"வெந்து ஆறின புண்ணு, இன்னும் ஆழமாப் போயிருந்தா ஓட்டை. சூடே வராதுன்னாங்களே, பெரிய மனுசங்க!"

3

எதையும் அட்டவணைப்படியே பார்க்கிற எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அட்டவணை'. [வில்லன் வேண்டுமே என்று ஒரு தங்கப்பல் வைத்தேன். பிடுங்கிவிட்டேன். மகளுக்குத் தலைவாரிவிட்டு வேலைக்கு வருகிற நல்ல மனிதர். அதுதான் எரிச்சலே.]

"அந்த வெட்டு விதியிலயே இல்லையேம்மா."

"புண்ணு இருக்கே சார்."

"இருக்கலாம். பாக்க வேண்டாத எடத்துல இருக்கறத எப்படி எழுதறது?"

"பாத்துட்டேனே!"

"அதாம்மா தப்பு."

4

இங்கே அக்காவுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்தேன், அவருக்கு அடுத்த மாதம் இதே சிகிச்சை என்று. அடித்துவிட்டேன். சொந்த அண்ணன் என்றால்தான் உங்களுக்குப் பதறுமா? முகம் தெரியாத ஒருவரின் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்தால் போதாதா?

5

'காயம் எதுவும் இல்லை.' அறிக்கை தயார். நாளை காலை சிகிச்சைக்கு ஒப்புதல் தருகிறவர்களுக்குப் போய்விடும். அதற்கப்புறம் மனிதர்கள். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

முடிவு ஒன்று: அவளுக்கு வேலை போகிறது. முடிவு இரண்டு: அட்டவணை மனம் மாறுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டிலும் நான் பாட்டுக்குக் குடுவை கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் நடந்தது இது. இன்று மத்தியானம் அவர் என்னிடம் வந்தார்.

"அவங்க வெட்டும்போது பக்கத்துல நீதானே இருந்தே? கூடுதலா எதுவும் வெட்டலன்னு ஒரே ஒரு வரி. உனக்குத்தான் எழுத வருமேப்பா. இந்த நாட்டுல வேல பாக்கற உன் அனுமதிச் சீட்டு வேற இந்த மாசம் புதுப்பிக்கணும், இல்ல?"

என் எழுத்தை இந்த ஊரில் முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். ஒரு வரிக்குப் பதிலாக இந்தப் பக்கங்கள் முழுவதையும் கொடுக்கப்போகிறேன். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று அறிக்கை போகிற இடத்துக்கு, ஒன்று உங்களுக்கு.

"இது வெறும் கதைதானே" என்பார். அவர் சொல்லட்டும். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?