வடக்குத்தில் ஒரு வாடகை அறை

சங்கரலிங்கத்துக்கு முப்பத்தாறாவது வயதில்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது. சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டப் பழக்கிய ஜெர்மன்காரர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டியை அவன் கையில் கொடுத்தார். உள்ளே ப்ளாஸ்டிக் செங்கல்கள். விரல்நுனி அளவு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. ஒன்றின் தலையில் இன்னொன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளும். "உன் பிள்ளைக்கு" என்றார். பிள்ளை இல்லை என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்று மாலையே ஒரு சின்ன வீடு கட்டினான். மறுநாள் அதைக் கலைத்துப் பாலம் கட்டினான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி மோர் வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "என்ன ருக்குமணி, ஏதும் விசேஷமா? விளையாட்டுச் சாமானெல்லாம் முன்கூட்டியே வந்தாச்சு?"

ருக்குமணி சிரித்து அனுப்பிவிட்டாள். கதவைச் சாத்திய பிறகு புருஷனிடம் சொன்னாள்: "இதை எங்கயாவது கண்காணாம வைங்க. வர்றவ போறவ எல்லாம் என் வயித்தைத்தான் பாக்குறா."

கல்யாணமாகிப் பத்து வருஷம். சங்கரன்கோவிலிலிருந்து வேலைக்காக இந்தச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வந்த இடத்தில் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

அவன் கட்டிலுக்கடியில் வைத்தான். கட்டிலுக்கடி போதாமல் பரணில் வைத்தான். அதற்குள் அவன் மனதில் ஒரு யோசனை வேர்விட்டிருந்தது. தான் ஓட்டுகிற அந்த இயந்திரத்தையே, அதன் நீண்ட கை, பல்லும் வாளியுமாகச் சுற்றும் சக்கரம், எல்லாவற்றோடும் கட்டிவிட வேண்டும். ஜெர்மன்காரர் கொடுத்தது சக்கரத்துக்கே காணாது. மெட்ராஸ் பர்மா பஜாரில் கப்பல்காரர்கள் கொண்டுவரும் பெட்டிகள் கிடைத்தன. யூனியன் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் வாங்கினான். ஓவர்டைம் பணம் எல்லாம் அங்கே போயிற்று.

இடம்தான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் சாமியம்மாள் வீட்டின் பின்னறையைப் பிடித்தான். அவள் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவள்.

"தனியா இங்க என்னா சார் பண்ணப் போறீங்க?"

"பரீட்சைக்குப் படிக்கணும்மா. வீட்டுல முடியல."

"என்னமோ படிச்சிகினு இருங்க. பீடி மட்டும் புடிச்சிடாதீங்க, பக்கத்துல கூரை வூடு."

அந்த வருஷம்தான் டவுன்ஷிப் டாக்டரம்மா ருக்குமணியைப் பரிசோதித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு கட்டி. மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டரிடம் ஆபரேஷன் செய்தால் பிள்ளைக்கு வாய்ப்பு இருக்கிறது. ருக்குமணி அந்தச் சீட்டை சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பக் கையில இல்ல ருக்கு. போனஸ் வரட்டும்."

போனஸ் வந்தது. அதே வாரம் பர்மா பஜாரில் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் கொண்ட ஒரு பெட்டியும் வந்தது. இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்றான் கடைக்காரன். அடுத்த வருஷம் கட்டாயம் அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தான். உண்மையாகத்தான் நினைத்தான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே நினைத்தான். ருக்குமணி கேட்பதை நிறுத்தியபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

நாலு வருஷத்தில் ஊர் வாய் சும்மா இருக்குமா? சங்கரலிங்கம் வடக்குத்தில் ஒருத்தியை வைத்திருக்கிறான் என்ற பேச்சு ருக்குமணி காதுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு விசாரித்து வந்துவிட்டாள்.

"சார் உள்ளாரதாம்மா உக்காந்துகினு இருக்காரு" என்று சாமியம்மாள் கைகாட்டினாள்.

கதவைத் தள்ளியபோது அவன் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தான். அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்த இயந்திரம் நின்றது. அவள் நெஞ்சளவு உயரம். சுவருக்குச் சுவர் நீண்ட கை. அவளைக் கண்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மறுகணமே ஒரு சந்தோஷம் பொங்கியது. இத்தனை நாளில் இதைப் பார்க்க வந்த முதல் ஆள்.

"இங்க பாரு ருக்கு" என்று கைப்பிடியைச் சுற்றினான். "வாளியெல்லாம் சுத்துது பாரு."

அவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மூலையில் தொங்கிய சாக்குத் திரையை விலக்கிப் பார்த்தாள்.

"வேற யாருமில்லையா?"

"யாரு இருக்கப் போறா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளைன்னு நெனச்சு வந்தேன். பொம்பளைன்னா தலைமுடியைப் பிடிச்சிருப்பேன். இதை நான் என்ன செய்ய?"

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"எவ்வளவு ஆச்சு இதுக்கு?"

பாதிக்கும் குறைவாகச் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆபரேஷனுக்கு அவ்வளவுகூட ஆகியிருக்காது."

அடுத்த மாதம் அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனான். அங்கே அந்தப் பெரிய டாக்டரம்மா வயதானவர். பழைய சீட்டில் தேதியைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் நோக்கினார். "நாலு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவன் தொண்டையைச் செருமினான். அதற்குள் ருக்குமணி சொன்னாள்: "கையில காசு இல்லீங்கம்மா."

"அப்ப கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இப்ப கர்ப்பப்பையோட எடுத்தாகணும்."

அவள் தலையாட்டினாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பான். அவனைக் காட்டிக்கொடுக்காமல் விட்டதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பி, அவள் எழுந்து நடமாட இரண்டு மாதமாயிற்று. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த ரூமைக் காலி பண்ணிருங்க. வாடகை எதுக்குத் தண்டம்? இங்கதான் இடம் கெடக்கே."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவன் முகம் கழுவப் போவதுபோல எழுந்து போனான்.

முழுசாக அது வாசலைத் தாண்டாது. பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாமியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தினி வருசமும் இத்தையா சார் பண்ணிகினு இருந்தீங்க?" என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

ஐந்து சாக்குகள். இனித் தொடுவதில்லை என்று வீட்டு முன்னறைச் சுவரோரம் சாத்தினான். பத்து நாள் தொடவில்லை. பதினோராம் நாள் ஷிஃப்டிலிருந்து வந்தவன், வெறுமனே பார்ப்போம் என்று ஒரு சாக்கை அவிழ்த்தான்.

ஆறு மாதத்தில் அது முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. ருக்குமணி தினமும் காலையில் அதைச் சுற்றிப் பெருக்குவாள். துடைப்பத்தில் சிக்கும் ஒன்றிரண்டு கல்லைப் பொறுக்கி, "இந்தாங்க" என்பாள். "அங்க வை" என்பான் அவன், தலை நிமிராமல்.